சம்மட்டியை ஓரம் வையுங்கள்: கற்கருவிப் பயிற்சி நடத்துவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அப்படிப்பட்ட ஊரில், கற்கருவியைத் தாங்களே செய்து பார்க்க ஆசிரியர்களும் மாணவர்களும் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சியான செய்தி. இதற்காகப் பலர் வெளியிலிருந்து அப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடிக் கல்லை வரவழைக்கிறார்கள். நம் பக்கத்தில் கிடைக்காத கல், விலையும் அதிகம். அம்பு முனை செதுக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. அதற்கு முன்பு பெரிய கட்டியை எப்படி உடைப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கல் வீணாவதும் காயம் படுவதும் பெரும்பாலும் அந்த முதல் வேலையில்தான்.

நம் ஊரில் பெரிய கல் என்றதும் ஆப்பும் சம்மட்டியும்தான் நினைவுக்கு வரும். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகளை இன்றும் பார்க்கலாம். கருங்கல்லுக்கு அது சரியான முறை. குழி வரிசை எங்கே போகிறதோ, பிளவும் அங்கே போகும். அப்சிடியன் மணிமணியான பாறை அல்ல, கண்ணாடி. அடி விழுந்த புள்ளியிலிருந்து பிளவு கூம்பு போல விரிந்து செல்லும். ஜன்னல் கண்ணாடியில் சின்னக் கல் பட்டால் மறுபுறம் அகலமாகப் பெயர்ந்து விழுகிறதே, அதே கணக்குதான். இரும்புச் சம்மட்டியால் நடுவில் ஓங்கிப் போட்டால் கூம்புக்குள் கூம்பாகப் பல விரிசல்கள் உள்ளே இறங்கிவிடும். வெளியே தெரியாது. பிறகு மெல்லச் செதுக்கும்போது, முக்கால்வாசி முடிந்த கருவி கையில் இரண்டாகும். நெருப்பில் காய்ச்சித் தண்ணீர் ஊற்றும் பழைய குவாரி யோசனையும் வேண்டாம். கல் முழுக்க நொறுங்கல் வலை பின்னிக்கொள்ளும்.

முதலில் கல்லைக் கழுவிக் காயவைத்து, சின்னக் கூழாங்கல்லால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். ‘கணீர்’ என்றால் நல்லது. ‘தொப்’ என்றால் உள்ளே விரிசல் இருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்தே பிரிக்கத் தொடங்கலாம். அப்சிடியனின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.4 கிராம். ஆகவே 10 கிலோ கட்டி என்பது ஒரு பக்கம் 16 செ.மீ. உள்ள கனசதுர அளவுதான். இதற்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ எடையுள்ள உருண்டைக் கல் போதும். கட்டி இன்னும் பெரிதானால் இரண்டு, மூன்று கிலோ. ஆற்றுக் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருவான மிகக் கெட்டியான கல்) கூழாங்கல் அப்சிடியனுக்கு மிகவும் கடினம். சற்று மென்மையான மணற்கல் கிடைத்தால் அதுவே மேல், அது மேற்பரப்பை நசுக்காமல் பிடித்து இழுக்கும். வெளிநாட்டுக் காணொலிகளில் காட்டும் மான் கொம்பைத் தேடிப் போக வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிறது. அடுத்த கட்டச் செதுக்கலுக்குச் செம்பு மூடி போட்ட கட்டை அந்த வேலையைச் செய்யும்.

கல்லை சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். அடியின் அதிர்வு தரையில் மோதித் திரும்பி, நீங்கள் நினைக்காத இடத்தில் கல்லை முறித்துவிடும். மணல் மூட்டை மேல் சாய்த்து வையுங்கள். எந்த முகத்திலிருந்து செதில் (அடியில் பெயர்ந்து வரும் தட்டையான துண்டு) எடுக்க வேண்டுமோ, அந்த முகம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, அதன் அடியில் காலியிடம் இருக்க வேண்டும். அங்கே நாலாக மடித்த கோணியை விரித்தால் பெயரும் செதில் உடையாமல் விழும்.

இனி அடி. மேல் தளமும் பக்க முகமும் சேரும் விளிம்பில் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். 70, 75 இருந்தால் வசதி. கோணம் விரிந்திருந்தால் எவ்வளவு பலமாக அடித்தாலும் செதில் பெயராது. முழு உருண்டையாக, கோணமே இல்லாத கல்லாக இருந்தால் வைர பிளேடு போட்ட அறுவை இயந்திரத்தில், தண்ணீர் விட்டபடி ஒரு பக்கத்தை அறுத்துத் தளம் உண்டாக்குவதே நல்லது. கண்மூடித்தனமாக அடிப்பதைவிட இழப்பு குறைவு. விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து மழுக்குங்கள். கூரான விளிம்பு அடியைத் தாங்காமல் பொடியாகும். பிறகு விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே, கீழே ஒரு முகடு நீளமாக ஓடும் இடத்துக்கு நேர் மேலே அடியுங்கள். பிளவு முகடு வழியே ஓடும், செதில் நீளமாக வரும். விளிம்பை ஒட்டி அடித்தால் குட்டையான சில்லுதான் கிடைக்கும். ரொம்ப உள்ளே தள்ளி அடித்தால் ஒன்றும் பெயராது, வளைய விரிசல் மட்டும் மிஞ்சும். ஒரே இடத்தில் இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். இடத்தை மாற்றுங்கள், அல்லது கனமான கல்லை எடுங்கள். ஆத்திரத்தில் போடும் மூன்றாவது அடிதான் கட்டியைக் கெடுக்கும்.

முதல் செதில் மேல்தோலோடு வரும். அது பெயர்ந்த பள்ளமே அடுத்த அடிக்குத் தளம். இப்படித் திருப்பித் திருப்பி எடுத்தால் உள்ளங்கை அகலத்தில், 2, 3 செ.மீ. கனத்தில் பல செதில்கள் கிடைக்கும். கருவி செய்யத் தேவை இவைதான். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்களும் பெரிய குவார்ட்சைட் செதில்களிலிருந்து கைக்கோடரி செய்திருக்கிறார்கள்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, கனத்த ஷூ, தொடை மேல் தடித்த தோல் (பெரியமேட்டில் துண்டுத் தோல் கிடைக்கும்), கையுறை, என்95 முகக்கவசம் எல்லாம் வேண்டும். மின்விசிறிக்கு எதிரே உட்காராதீர்கள். குவார்ட்சைட் தூள் நுரையீரலில் சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும் என்பதால் அந்தக் கல்லை மூடிய அறையில் உடைக்கவே கூடாது. கட்டியை உடைக்கும் வேலையைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். பிள்ளைகளின் கையில் செதில் மட்டும் போகட்டும், அவர்களும் இதே பாதுகாப்போடு உட்காரட்டும்.

கடைசியாகக் கழிவு. தார்ப்பாய் விரித்து உடைத்து, சில்லுகளைக் கெட்டியான டப்பாவில் அடைத்து, ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதித் துப்புரவுத் தொழிலாளர்களிடம் தனியே கொடுங்கள். பாலித்தீன் பையில் கட்டிப் போட்டால் கிழிவது அவர்கள் கை. பழைய கற்காலக் கருவிகள் கிடைக்கும் பூண்டி, அதிரம்பாக்கம், குடியம் பக்கம் சுற்றுலா போய் அங்கேயே உடைத்துக் காட்டுவதை அறவே நிறுத்த வேண்டும். குவார்ட்சைட்டில் நாம் இன்று தட்டிய செதிலையும் அந்த மண்ணில் கிடக்கும் பழைய செதிலையும் பிற்பாடு பிரித்தறிவது ஆய்வாளர்களுக்கே பெரும்பாடு. அங்கிருந்து கல் எடுத்து வருவதும் அதே அளவு தீங்கு. கழிவை உங்கள் சொந்த இடத்தில் புதைப்பதானால், அந்த ஆண்டு அச்சிட்ட ஒரு நாணயத்தையும் கூடவே போட்டுப் புதையுங்கள். பின்னாளில் தோண்டுபவர்களுக்கு இது நம் காலத்துக் கழிவு என்று தெரியும்.

இப்படிக்கு,
கற்கருவி செய்முறை பயிலும் நண்பர்கள்,
குரோம்பேட்டை, சென்னை.