டீக்கறையும் சேலம் ஜில்லாவும்

உ

கிருஷ்ணகிரி
23.6.2024, ஞாயிறு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா? வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் எழுத என் கட்டைவிரலுக்குத் தெம்பு இல்லை. நீ கேட்ட பழைய காகிதங்கள் எப்படியும் பார்சலில் வருகின்றன, அதோடு இதுவும் வரட்டும்.

போன வாரம் டீ டிகாக்‌ஷனில் பழசாகத் தெரிய முக்கின தாள்களை அறைக்குள் கொடி கட்டி, கிளிப் மாட்டிக் காயப்போட்ட படத்தை அனுப்பியிருந்தாய். அம்மா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, "லீட்ஸ்ல அப்பளம் போடறாளா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு நான் செய்யறது பிடிக்கலையா?" என்று அம்மாவிடம் கேட்டாயாம். பிடிக்காமல் இல்லை, கண்ணு. நீ தைக்கிற நோட்டு ஒவ்வொன்றையும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் பார்க்கிறேன். பழைய காகிதங்களைச் சேர்த்துத் தைக்கிற அந்த நோட்டுக்கு ஜங்க் ஜர்னல் என்று பேர் வைத்தவனைத்தான் பிடிக்கவில்லை, அதில் குப்பை எங்கே இருக்கிறது? ஆனால் கொடியில் தொங்கிய அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்ததும் எனக்கு 1984 ஞாபகம் வந்துவிட்டது. உன்னிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

அப்போது எனக்கு 31 வயசு, பத்திர எழுத்தராகி ஐந்து வருஷம். ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே புளியமரத்தடியில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு. ஒருவர் கிரயம் எழுத வந்தார். இரண்டரை ஏக்கர் புஞ்சை, கிணற்றில் பாதிப் பாத்தியம். பதிவான தாய்ப்பத்திரம் கிடையாது, அண்ணன் தம்பிகள் 1962-ல் பாகம் பிரித்து எழுதிக்கொண்ட கூர்சீட்டு மட்டும்தான். வெள்ளைத் தாளில் எழுதி நாலு பேர் கைநாட்டு வைத்தது. நம் ஊர்ப் பக்கம் அப்படி நிறைய இருக்கும், சந்தேகப்பட ஒன்றுமில்லை. வாங்க வந்தவர் பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

கூர்சீட்டு நல்ல பழுப்பு. நாலாக மடித்த தடம். ஒரு ஓரத்தில் நீர் தேங்கிக் காய்ந்த கருங்கோடு. ஓட்டு வீடு, மழையில் ஒழுகியிருக்கும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். தட்டில் ஊற்றிய டீயில் முக்கி எடுத்து, சாய்த்து வைத்துக் காயவிட்டால் அடியோரத்தில் அதே கோடு விழும் என்று இன்றைக்கு உனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. "அந்தக் காலத்துத் தாள்" என்று தடவிப் பார்த்துவிட்டு, அதன் முதல் வரியை என் முத்து முத்தான எழுத்தில் அப்படியே புதுப் பத்திரத்தில் இறக்கினேன்: "1962-ம் வருஷத்தில், தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்..."

இரண்டு வருஷம் கழித்து முன்சீப் கோர்ட்டில் வழக்கு. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்க்கட்சி வக்கீல் வயசானவர், சத்தமே போடவில்லை. "எழுத்தரய்யா எந்த வருஷம் பொறந்தீங்க?" என்று கேட்டார். 1953 என்றேன். "எந்த ஜில்லா?" "சேலம் ஜில்லாங்க." அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூர்சீட்டின் முதல் வரியில் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வாயால் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தர்மபுரி மாவட்டம் உண்டானது 1965 அக்டோபர் 2. அதற்கு முன் கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் சேலம் ஜில்லா. மூன்று வருஷம் கழித்துப் பிறக்கப்போகிற மாவட்டத்தின் பேரை 1962-ல் உட்கார்ந்து எழுதினவன் யார்?

நிலம் போய்விட்டது. மோசடியில் எனக்குப் பங்கில்லை என்று கோர்ட்டே சொன்னது. ஆனால் அந்த வரி என் கையெழுத்தில் இருந்தது. எழுத்துக்கூலியைத் திருப்பிக் கொடுக்க வாங்கினவர் வீட்டுக்குப் போனேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். நான் குடிக்காமலே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பழைய தாள் எது கைக்கு வந்தாலும் நான் நிறத்தைப் பார்ப்பதில்லை. உன் வேலைக்கும் ஆகும் என்பதால் சொல்கிறேன். தானாகப் பழுத்த கட்டு ஓரத்திலிருந்து உள்ளே பழுக்கும், காற்றும் வெளிச்சமும் முதலில் படுவது அங்கேதான். நடுவில் பிரித்தால் வெள்ளையாகவே இருக்கும். முக்கின தாள் முன்னும் பின்னும் ஒரே நிறம். குண்டூசித் துருவைப் பார். முதல் தாளில் அது பெரிய வட்டம், இரண்டாவதில் சின்னது, நாலாவதில் ஒரு புள்ளி. ஒரு தாளில் மட்டும் துரு இருந்து அடுத்ததில் இல்லையென்றால் யாரோ வேலை காட்டியிருக்கிறான். பூச்சி அரித்த ஓட்டையும் அப்படித்தான், கட்டைத் துளைத்துக்கொண்டு வரிசையாகப் போகும்.

எல்லாத் தாளும் ஒரே மாதிரி மூப்படைவதும் இல்லை. செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழ். அதில் லிக்னின் என்று ஒரு சரக்கு இருக்கிறது, வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி, கொஞ்ச வருஷத்தில் அப்பளமாகவே நொறுங்கும் (அம்மா சொன்னதில் தப்பில்லை). கந்தல் துணியில் செய்த தாள் நூறு வருஷம் ஆனாலும் மடித்தால் மடங்கும்.

உன் படத்தைப் பார்த்த மறுநாள் நானும் அம்மாவின் தாம்பாளத்தைத் திருடி சோதனையில் இறங்கிவிட்டேன். கடுக்காய்த் தோலைத் தட்டிக் கொதிக்கவிட்டு வடிகட்டின தண்ணீர் டீயைவிட நல்ல நிறம் கொடுக்கிறது, இளம் பழுப்பு, பளபளப்பில்லை. அதில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டேன், இரும்புச் சட்டியில் வதக்கிய நெல்லிக்காய் மாதிரி கறுத்துப் போனது. அந்தக் காலத்து மை இதுதான். நெல்லிக்காயையும் விடவில்லை. அதியமான் ஔவைக்குக் கொடுத்ததை அதே தகடூர்ச் சீமையில் நான் காகிதத்துக்குக் கொடுத்தேன், ஆயுள் கூடினதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் மட்டும் வேண்டாம். வெயிலில் வெளுக்கும், சோப்புக் கை பட்டால் சிவந்துவிடும்.

முக்குவதற்கு முன் ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார். பால்பாயிண்ட் எழுத்தும் கார்பன் நகலும் ஜெராக்ஸும் நிற்கும். ஃபவுண்டன் பேனா மையும் ரப்பர் ஸ்டாம்பும் கரைந்து ஓடும். இப்போது கண்டக்டர் மெஷினில் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட் இருக்கிறதே, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதே, மொத்தமும் கறுத்துவிடும். டீ, கடுக்காய் எல்லாமே கொஞ்சம் புளிப்புச் சரக்கு. முக்கின பக்கத்துக்கு எதிரே போட்டோவை ஒட்டாதே, ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் பட்டர் பேப்பர் வை. செல்லோடேப் வேண்டவே வேண்டாம். தாத்தாவின் பட்டாவில் நான் ஒட்டியது டேப்பாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது, கறை மட்டும் வீட்டுப் பாம்பு மாதிரி அங்கேயே இருக்கிறது. பசைக்கு நம் பைண்டர் செய்தது மைதாக் கஞ்சி, பூச்சி வராமலிருக்க துளி மயில்துத்தம். அது விஷம், மாப்பிள்ளை சமைக்கிற பாத்திரத்தில் காய்ச்சிவிடாதே.

இனி பார்சல். பழையபேட்டையில் நமக்குத் தெரிந்த பழைய பேப்பர் கடைக்காரரிடம் மூன்று நாள் உட்கார்ந்து பொறுக்கினேன். முதல் நாள் கிலோ 15 ரூபாய் என்றவர், நான் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு இரண்டாம் நாள் 40 ஆக்கிவிட்டார். மாம்பழக் கூழ் டின்னுக்கு அச்சடித்து மிச்சமான லேபிள் ஒரு கட்டு கிடைத்தது, பெங்களூரா மாம்பழம் போட்டது, ஒரு பக்கம் காலி. தினசரி காலண்டர் தாள், மூலையில் மஞ்சள் தடவின கல்யாணப் பத்திரிகைகள் (இந்த மஞ்சள் இருக்கட்டும்), மெல்லிசான பழைய பஸ் டிக்கெட், என்னிடம் மீந்த பச்சை லெட்ஜர் பேப்பர் ஐம்பது. யாரோ ஒருவர் வீட்டு ஜாதகக் கட்டும் கிடைத்தது, அட்டை பிரமாதம். ஆனால் உயிரோடிருக்கிறவர்கள் கட்டம், அதை வெட்டி ஒட்ட மனசு வரவில்லை. அங்கேயே வைத்துவிட்டேன்.

அத்தை எழுதின இன்லேண்டு லெட்டர்களில் நாலு அனுப்புகிறேன். முதலில் படி, பிறகு வெட்டு. ஒன்றில் 5 காசு அகதிகள் நிவாரண ஸ்டாம்பு தனியாக ஒட்டியிருக்கும், வங்கதேசப் போர்ச் சமயம், 1971 கடைசி. அதில் பின்கோடு இருக்காது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அவள் 'லை', 'னை' எழுதியிருப்பதைப் பார், யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்திருப்பாள். 1978-ல் எழுத்தைச் சீர்திருத்திய பிறகும் சாகிறவரை அவள் மாறவில்லை, அதனால் எழுத்தை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது. அணாவில் கணக்கு இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. விலாசத்தில் 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று அச்சடித்திருந்தால் அது 2004-க்கு அப்புறம்தான், எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் சரி.

அனுப்பாதவை இரண்டு. இங்கே கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை கட்டும்போது தாத்தா மண் சுமந்த கூலிச்சீட்டு, ரூபாய் அணாவில். அதை நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், அதை நீ எதில் வேண்டுமானாலும் முக்கிக்கொள். கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டு, 1938. மாகாணி, வீசம் என்கிற பழைய பின்னங்கள் எல்லாம் தமிழ்க் குறியில். அந்த மாதிரி 75 வருஷம் தாண்டின கையெழுத்து ஏட்டை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காது என்று தபால் ஆபீஸில் வீராப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், சட்டம் இடம் கொடுத்தாலும் நான் கொடுக்கமாட்டேன். வசம்பு போட்டுத் துணியில் சுற்றி பீரோவில் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது பிரித்துப் பார்க்கலாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நோட்டுகளை நீ விற்கிறாய். வாங்கினவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், முப்பது வருஷத்தில் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? நீ முக்கின ஒவ்வொரு தாளிலும் பின்பக்கம் கீழ் மூலையில் 'டீ, 2024' என்று பென்சிலில் எழுதிவிடு. பேனா வேண்டாம், ஓடும். அழகு கெடும் என்பாய். சின்னதாக எழுது. ஆனால் எழுது.

பச்சைத் தாள்களுக்கு அடியில் தனி உறையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். 1984-ல் நான் எழுதிய அந்தக் கிரயத்தின் டிராஃப்ட். பேரும் சர்வே நம்பரும் இருந்த பாதியைக் கிழித்து அடுப்பில் போட்டேன், மேல் பாதி மட்டும் அனுப்புகிறேன். முதல் வரி அதில்தான் இருக்கிறது. அதை நீ முக்க வேண்டியதில்லை. ஓரமெல்லாம் தானாகவே பழுத்திருக்கிறது.

அம்மா ராகி மாவு ஒரு கிலோ வைத்திருக்கிறாள். இரண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் பெட்டியை நிமிர்த்தி வைத்துப் பிரி.

இப்படிக்கு,
அப்பா