மாமரத்தை மொட்டையடிக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் குடிபெயர்க்கப்பட்டு, 1960களில் டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த எங்கள் தாத்தா பாட்டிமார் கொல்லையில் நட்ட மாமரங்களும் அவகாடோ மரங்களும் இன்று முதுமையில் நிற்கின்றன. கோடைப் புயலுக்குப் பயந்து பலர், இயந்திர ரம்பத்தோடு வீடு வீடாக வருபவர்களைக் கூப்பிட்டு மரத்தின் தலையையே வெட்டிவிடுகிறார்கள். போன வருடம் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் தடுத்திருக்க வேண்டும்.

மொட்டையடித்த மரம் பாதுகாப்பானதல்ல. வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும். அதைச் சுற்றி அவசரமாகக் கிளம்பும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. கனத்ததும் காற்றில் பிய்ந்து விழும். தொழில் தெரிந்தவர், கிளையின் அடியில் தடித்திருக்கும் வளையத்தைத் தொடாமல் அதற்கு வெளியே அறுப்பார். காயத்தை மரமே மூடிக்கொள்ளும். தாரோ பெயின்டோ பூச வேண்டாம். காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு உயிருள்ள மரத்தில் ஏறுபவரைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டறியப்பட்ட துளைப்பான் வண்டையும் சொல்லியாக வேண்டும். எள்ளளவுதான், சுமார் 2 மில்லிமீட்டர். அது கொண்டுவரும் பூஞ்சை மரத்துக்குள் நீரோட்டத்தை அடைத்து, பல மரங்களைப் பட்டுப்போகச் செய்கிறது. அவகாடோவையும் தாக்கும். பட்டையில் பொடிப்பொடியாகத் துளைகள் தெரிந்தால், அந்த விறகை பிராய் (இறைச்சி சுடும்) அடுப்புக்கென்று வேறு ஊருக்கு ஏற்றிச் செல்லாதீர்கள்.

டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களின் வீட்டு மரங்களை வருடம் ஒருமுறை இலவசமாகப் பார்த்துச் சொல்ல, பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்