பெயர் எழுதாத கட்டம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். அந்த வலியோடு அடுப்படியில் நின்று மருமகளுக்கு லேகியம் கிண்டிக்கொண்டிருக்கிறாள். போனில் சொன்னால் போதாதா என்று நினைப்பாய். போனில் நான் மூணு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் ராத்திரி படுக்கப் போகும்போதாவது எடுத்துப் படிப்பாய்.

போன வாரம் மருமகள் பேசினாள். "மாமா, முப்பதாம் நாள் நெருங்கிருச்சு. பேர் ஒண்ணும் முடிவாகலை. நீங்க நாலு பேர் எழுதி அனுப்புங்க, காலத்துக்கும் நிக்கிற மாதிரி பழைய பேரா இருக்கட்டும்" என்றாள். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "உனக்குப் பிடிச்சதை வையின்னுட்டாங்க மாமா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் கிடையாது, அதனால்தான் இருக்கும். உனக்கும் புனேயில் வேலை அதிகம் என்று தெரியும். ஆனாலும் பிள்ளை பிறந்து இன்றைக்கு 22 நாள் ஆகிறது. நீ மதுரைக்கு ஒரு தடவை போய் ஒரே ராத்திரி தங்கியிருக்கிறாய். சரி, அது இருக்கட்டும்.

அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். நீ கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

பிள்ளை ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு என்ற எழுத்துகளில் ஒன்றில் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் சொல்வார். சொல்லட்டும், எழுத்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் எழுத்துக்காகப் பெயரை உண்டாக்காதே. 1984-இல் வேலைக்குச் சேர்ந்து 30 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். பிறப்பு இறப்புப் பதிவேடு என் கையில் இருந்தது. சேர்ந்த புதிதில் இசக்கியம்மாள், பேச்சியம்மாள், மாரியம்மாள், ஆவுடையம்மாள் என்று எழுதினேன். கொஞ்ச வருஷத்தில் 'அம்மாள்' உதிர்ந்தது. அப்புறம் எல்லாப் பெயருக்கும் ஒரு 'ஸ்ரீ' வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கும் பிறகு வந்த பெயர்களைப் பெற்ற தகப்பனே இரண்டு தடவை எழுத்துக் கூட்டித்தான் சொல்வான். எண்கணிதம் பார்த்து இங்கிலீஷில் ஓர் எழுத்தைக் கூட்டுவான். பிள்ளை பெரியவளாகும்போது ரேஷன் அட்டையில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம் என்று ஆகிவிடும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று கேட்டு என் மேசை முன்னால் நின்ற பெண்கள் எத்தனையோ பேர். சொந்தப் பெயருக்கு அந்தப் பிள்ளைகள் சாட்சி தேட வேண்டியிருந்தது.

அதனால் எழுதவும் கூப்பிடவும் லேசாக இருக்கிற பெயராகப் பார். வாசலில் நின்று தெருமுனைக்குக் கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அஞ்சு வயதிலும் அறுபது வயதிலும் அது அவளுக்குப் பொருந்த வேண்டும்.

நம் பக்கத்தில் அந்தந்த ஊர் அம்பாள் பெயர்தான் பெண் பெயர். திருநெல்வேலி என்றால் காந்திமதி, பாபநாசம் என்றால் உலகம்மை, சங்கரன்கோவில் என்றால் கோமதி. குற்றாலத்து அம்பாள் பெயர் குழல்வாய்மொழி. புல்லாங்குழல் மாதிரிப் பேச்சுடையவள். அந்தப் பெயரை வைத்துக் குழலி என்று கூப்பிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நட்சத்திர எழுத்து இல்லையே என்று சம்பந்தி சொல்வார்கள். அப்படியென்றால் வடிவு வை. நெல்லை காந்திமதிக்கே வடிவுடையம்மை என்றும் பெயர் உண்டு. உன் ஆச்சி பெயர். இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் அழகாயிருக்கிறது என்பதற்கு வடிவாயிருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதுதான். பாட்டி பெயரைத் தாங்குகிறவள். ஆச்சி பெயரை வைக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை. வைத்தால் சந்தோஷப்படுவேன், அவ்வளவுதான். எதுவானாலும் முப்பதாம் நாளுக்குள் முடிவு செய்துவிடு.

வள்ளியும் இருக்கிறது. இந்தப் பெயரை யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று பட்டது, இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. வள்ளிக்கிழங்கு எடுத்த குழியில் கிடந்த பிள்ளையை நம்பிராஜன் தூக்கிக்கொண்டு போய் வள்ளி என்று பெயர் வைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிப் பாத்திக்குள் கிடந்த பிள்ளையைப் பெரியாழ்வார் எடுத்துக் கோதை என்றார். கோதை என்றால் மாலை. அவர் பூக்கட்டுகிறவர், தன் கையில் இருந்ததையே பெயராக வைத்தார். ஊராருக்கு அவர் பத்துப் பாட்டு பாடியிருக்கிறார், காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு வீண் பெயர் வைக்காதீர்கள், நாராயணன் பெயரை வையுங்கள் என்று. ஜனகன் உழுதபோது கொழு கீறிய கோட்டில் கிடைத்தவள் சீதை. அந்தச் சொல்லுக்கே உழவுசால் என்றுதான் அர்த்தம். மூன்று பேருமே பெறாத பிள்ளையை மண்ணிலிருந்து எடுத்தவர்கள். ஆண் பிள்ளை இல்லையே என்று ஒருத்தரும் நிற்கவில்லை. எடுத்தார்கள், பெயர் வைத்தார்கள். ஆயிரம் வருஷம் தாண்டியும் அந்தப் பெயர்களை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் பெற்ற பிள்ளைக்கு 14 மாசம் பெயர் வைக்கவில்லை.

நம் பாப்பாக்காவைத்தான் சொல்கிறேன். செல்லப் பெயர் என்று நினைத்துத்தானே நீ இத்தனை வருஷமாக அப்படிக் கூப்பிடுகிறாய்? 1989 ஜூனில் அவள் பிறந்தாள். தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடந்துகொண்டிருந்தது. கிராமக் கணக்கு மொத்தத்தையும் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன். உன் மாமா சைக்கிளில் வந்து சொன்னான், "அத்தான், பொம்பளைப் பிள்ளை" என்று. நான் தலையைத் தூக்காமல் "பொம்பளைப் பிள்ளைதானா" என்றேன். அந்த வாரமே ஜமாபந்தி முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு 2 மணி நேரப் பயணம்தான். நான் 12-ஆம் நாள்தான் போனேன். உன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

யாராவது பெயர் என்னவென்று கேட்டால் "பார்க்கணும்" என்பேன். வீட்டில் பாப்பா என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. என் கிராமத்தில் பிள்ளை பெற்றவனிடமெல்லாம் பெயரைச் சீக்கிரம் சொல்லுங்கப்பா என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் நாலாவது பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று எழுதச் சொன்னபோது, உனக்கெல்லாம் மனசு இருக்கா என்று சத்தம் போட்டேன். அவன் ஒரு பெயராவது வைத்தான்.

மறு வருஷம் ஆடித்தபசுக்கு உன் ஆச்சி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகச் சங்கரன்கோவில் போனாள். திரும்பி வந்து படியேறும்போதே சொன்னாள், "இவ பேரு கோமதி. நீ எழுதினா எழுது, எழுதாட்டிப் போ." வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்தால், 12 மாசத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குமேல் போனால் தாமதக் கட்டணம். என் மகளுக்கு நான் அந்தத் தாமதக் கட்டணத்தைக் கட்டினேன்.

அந்தச் சான்றிதழை நேற்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. பிறந்த தேதி, என் பெயர், அம்மா பெயர், எல்லாம் நீல மையில் ஒரே கையெழுத்து. அவள் பெயர் மட்டும் கறுப்பு மை. கட்டத்துக்குள் கொள்ளாமல் கடைசி எழுத்துக் கோட்டின் மேல் ஏறியிருக்கிறது. பக்கத்தில் சின்னதாகச் சேர்த்த தேதி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா என் பேர் மட்டும் வேற மையில இருக்கு?" என்று கேட்டாள். ஆபீஸ்காரன் மறந்துவிட்டான் என்று சொன்னேன். அவள் சரி என்று போய்விட்டாள். உன்னுடையதை எடுத்துப் பார், உன் பெயர் நீல மையில்தான் இருக்கும். நீ பிறந்த அன்று கடைசி பஸ் பிடித்து ஒரு கிலோ அல்வாவோடு வந்து நின்றேன். மூன்றாம் நாளே உனக்குப் பெயர் இருந்தது.

போன வருஷம் என் கண் ஆபரேஷனுக்கு அவள்தான் லீவு போட்டு வந்து 10 நாள் சொட்டு மருந்து விட்டாள். கோமதி டீச்சர் என்றால் அவள் இருக்கிற ஊரில் எழுந்து நிற்கிறார்கள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ நல்ல பிள்ளை. உன் சம்பாத்தியத்தில்தான் இந்த வீட்டுக்கு மாடி எழும்பியது, அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 22 நாளைக்கு முன்னால் நீ போன் பண்ணியபோது, "பொண்ணுதாம்ப்பா" என்றாய். எனக்கு நன்றாகக் கேட்டது. டவர் சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த 'தான்' என்னிடமிருந்து வந்தது, அது எனக்குத் தெரியும். நான் வேறு எதையோ கேட்டுக் குழம்பியிருந்தால், அப்படி இல்லை என்று ஒரு வரி எழுது. கிழவன் ஏதோ உளறுகிறான் என்று நீ கோபித்துக்கொண்டாலும் சரி, எழுது.

முப்பதாம் நாள் புதன்கிழமை வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் மதுரைக்கு வருகிறோம். வசம்பு வளையல், அரைஞாண், கருப்பட்டி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பாப்பாக்காவும் வருகிறாள். காதில் மூன்று தடவை பெயர் சொல்வது அத்தை உரிமை. அவள் குனியும்போது சொல்வதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். வள்ளியோ வடிவோ குழலியோ, நீங்கள் இருவரும் பேசி எதை வைத்தாலும் எனக்குச் சம்மதம். பெயரை நீயே போன் பண்ணி அக்காவிடம் சொல், மருமகளைச் சொல்லச் சொல்லாதே. மை விஷயம் அக்காவுக்கு இன்னும் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும், மதுரையில் வைத்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நீ திங்கட்கிழமையே வந்துவிடு. ஒரு ராத்திரியாவது பிள்ளையை நீ தூங்க வை.

அன்புடன்,
அப்பா