கோரிக்கை மனு: நூலகப் பணியாளர்கள் இணையக் கருவிகளைப் பணி நேரத்திலேயே பழகிக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டுதல்

அனுப்புநர்:
கிளை நூலகப் பணியாளர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது நூலகத் துறை

பொருள்: இணையக் கருவிகளையும் சமூக ஊடகங்களையும் பழகுவதற்கு வாரந்தோறும் பணி நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஆய்வு மாணவர் ஒருவர், ஐந்து நூல்களின் பெயர்களை எழுதிய தாளுடன் எங்கள் நூலகத்துக்கு வந்தார். இரண்டு நூல்கள் அலமாரியிலேயே கிடைத்தன. மற்ற மூன்றையும் நூற்பட்டியலிலும் இருப்புப் பதிவேட்டிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலைச் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கியதாக அவர் கடைசியில்தான் சொன்னார். இல்லாத நூலுக்கும் நம்பும்படியான தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் இத்தகைய செயலிகள் புனைந்து தரக்கூடும் என்பதை அன்றுவரை எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் தேடியிருந்தால் சில நிமிடங்களிலேயே ஐயம் எழுந்திருக்கும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது. அன்று அந்த மாணவரின் நேரத்தை நாங்களே வீணாக்கினோம் என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. இணையத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்ட பழைய அறிவிப்பு ஒன்றைத் தேடி வந்த பெண்ணுக்கு, எங்கள் சக பணியாளர் ஒருவர் அந்தப் பக்கத்தின் முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் இட்டு, அதன் பழைய படியை அப்போதே எடுத்துக் கொடுத்தார். 2001 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் தளம் அது. அவர் அதைத் தம் வீட்டில், தம் சொந்த முயற்சியால் கற்றுக்கொண்டவர்.

துறை பயிற்சியே தரவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் வகுப்பில் திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்துத் திரும்பும் முறை எங்களுக்குப் பயன்படவில்லை. மூத்த பணியாளர் ஒருவர் எங்கே சொடுக்க வேண்டும், அடுத்து எது திறக்கும் என்று வரிசை எண்ணிட்டுக் குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். சில வாரங்களில், வகுப்பில் காட்டிய தளத்தின் முகப்பு மாறியது. அதற்குப் பிறகு அவர் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை. தவறான இடத்தில் சொடுக்கிவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. தானாகத் தொட்டுப் பார்த்து, தவறு செய்து, அதைச் சரிசெய்து பழகினால்தான் அது விலகும்; அதற்கு வேண்டியது நேரம்.

இதைச் செய்து காட்டிய முன்மாதிரி இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள சார்லட் மெக்லென்பர்க் பொது நூலகத்தில், அங்கு பணியாற்றிய ஹெலீன் பிளோவர்ஸ் வடிவமைத்த திட்டத்தின்படி, வலைப்பூ தொடங்குதல், படங்களைப் பகிர்தல், பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கி தளத்தில் எழுதுதல் என 23 சிறு பணிகளைப் பணியாளர்கள் தத்தம் வேகத்தில் செய்து பார்த்து, கற்றதைத் தங்கள் வலைப்பூவில் பதிவு செய்தார்கள். பின்னர் பல நாட்டு நூலகங்கள் அந்த முறையைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. அந்தக் காலத்துக் கருவிகளில் பல இன்று இல்லை. பல தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தரும் செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடரே 2013-இல் மூடப்பட்டது. ஒரு கருவியை மட்டும் கற்பிக்கும் பயிற்சி அந்தக் கருவியோடு முடிந்துவிடுகிறது என்பதால்தான், ஒருமுறைப் பயிற்சிக்குப் பதிலாகத் தொடர்ந்து பழகும் ஏற்பாட்டைக் கேட்கிறோம்.

ஆகவே, ஒவ்வொரு பணியாளருக்கும் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தை, வாசகர் வரவு குறைந்த வேளையில், பணிப் பங்கீட்டு அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டுகிறோம். இதைத் தேர்வாகவோ பதவி உயர்வுக்கான அளவுகோலாகவோ வைக்க வேண்டாம். வைத்தால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்குவார்கள். நூலகக் கணினிகளில் தடுக்கப்பட்டுள்ள காணொலி, சமூக ஊடகத் தளங்களைப் பணியாளர் கணினியிலாவது திறந்துவிட வேண்டும். நூலகத்தின் பெயரில் பக்கம் தொடங்க எழுத்துப்பூர்வ அனுமதியும், வாசகர்களின், குறிப்பாகக் குழந்தைகளின் படங்களை வெளியிடுவது பற்றியும் பதிப்புரிமை பற்றியும் தெளிவான நெறிமுறையும் தேவை. அனுமதி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே பல நல்ல முயற்சிகள் பாதியில் நின்றுவிட்டன.

போதிய சேவை கிடைக்க நூலகப் பணியாளர்களின் தொடர் கல்வி இன்றியமையாதது என்று யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை கூறுகிறது. நாங்கள் கேட்பதில் பெருஞ்செலவு ஏதும் இல்லை. முதற்கட்டமாகச் சில கிளைகளில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கவும் அணியமாக இருக்கிறோம். அக்கிளைகளில் எங்கள் நூலகத்தையும் சேர்த்து ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலகப் பணியாளர்கள்