கால் ஃபோட்டோ அனுப்பு தம்பி

தம்பி,

ரெண்டு ஞாயிறாக உன் கால் ஃபோட்டோ வரவில்லை. போன் போட்டால் "ஷிப்ட்டுல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அம்மா சீம்பால் காய்ச்சும்போது உன் பேச்சுதான். சரி, அது கிடக்கட்டும், காலைப் பற்றிச் சொல்.

கம்பெனியில் போடுகிற சேஃப்டி ஷூவின் மேல் விளிம்பு கணுக்கால் காயத்தை மூடத் திருப்பி வைத்த தோல், அந்த ஃபிளாப் மேலேதான் உரசும். அங்கே உனக்கு உணர்ச்சி இல்லை, கல் உறுத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடு. சுடுதண்ணியைக் கையால் தொட்டுப் பார்த்து ஊற்று. ரூமுக்கு வந்ததும் தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் போடு, வெயில் என்று, வீக்கம் வராமலிருக்கப் போடுகிற அந்த இறுக்க சாக்ஸைக் கழற்றிவிடாதே.

டாக்டர் சீட்டுக்குப் பின்னால் படம் போட்டுக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? காயம் முழங்காலுக்குக் கீழே என்றால் கெண்டைச் சதையைத் திருப்பிப் போடலாம், நடுக்கால் என்றால் அதற்கு அடியில் இருக்கிற சதை, கணுக்கால் பக்கம் வந்துவிட்டால் ரெண்டும் எட்டாது. மேலுறை போன எலும்பில் தொடைத் தோலை மட்டும் ஒட்டினால் பிடிக்காது, தன் ரத்த ஓட்டத்தோடு வருகிற தோல்தான் வேண்டும் என்றார். அதனால்தான் கெண்டைக்காலின் பின்பக்கத் தோலை அடியில் ஒரு ஒட்டு விட்டுக் கீழே திருப்பி வைத்தார்கள். மூணு விரல் அகலம் இருக்குமா அந்த ஒட்டு, மொத்த ரத்தமும் அது வழியாகத்தான் போக வேண்டும். ரத்தக் குழாயைச் சுருக்குகிற எதுவும் ஆகாது, எலும்பு கூடுவதும் தள்ளிப்போகும் என்று சொல்லியிருக்கிறார். போன எக்ஸ்ரேயில்கூட எலும்பு முழுசாகக் கூடவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நீ கம்பு இல்லாமல் பஸ் ஏறி வேலைக்குப் போனதை ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் பெரியப்பா வீட்டு விசேஷத்தில் வேட்டி கட்டாமல், பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலை யாருக்காக மறைக்க வேண்டும்?

பொங்கலுக்கு வந்தபோது துவைக்கப் போட்ட உன் சட்டைப் பையில் லைட்டர் இருந்தது. அம்மா அதை எடுத்து அடுப்புமேடையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை தம்பி.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி "வலி தாங்கலப்பா" என்றாய். காலில் கம்பி மாட்டியிருந்தது. வீல்சேரில் வைத்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் தள்ளிக்கொண்டு போய், என் பாக்கெட்டிலிருந்து எடுத்து நானே பற்றவைத்துக் கொடுத்தேன். காலையில் மயக்க ஊசி டாக்டர் பையனுக்கு சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டபோது, "அதெல்லாம் இல்லைங்க" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து ஃபிளாப்பை விரலால் அழுத்துவார், வெளுத்துப் போய்த் திரும்பச் சிவக்கும். நாலாம் நாள் நுனி மட்டும் சிவக்கவில்லை. ரெண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துப்போய், வெட்டியெடுத்துவிட்டு மறுபடி தோல் வைத்தார்கள். சில பேருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர், வேறு காரணம் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. அந்த நுனியைப் பார்க்கும்போதெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுதான் கண்முன்னால் வருகிறது.

நான் விட்டு ஏழு மாசம் ஆகிறது. உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அடுத்த ரிவ்யூவுக்கு நானும் வருகிறேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்டால் உள்ளதைச் சொல், நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

இந்த ஞாயிறு ஃபோட்டோ அனுப்பு. டியூப்லைட்டில் நிறம் தெரியாது, பகலில் வாசலுக்கு வந்து, நுனி தெரிகிற மாதிரி எடு.

அப்பா