அம்மாவுக்கு வந்த அந்த மார்க்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள கயல்,

உடம்பும் மனசும் இறுக்கமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுமே, நீ அனுப்பிய காதுக் கிளிப் கருவி, அதைப் பற்றிப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. நீ பதறிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

மூன்று வாரமாக எனக்கு மார்க் அடிமட்டம். "எதை மனசுல வச்சிட்டு மருகுறீங்கப்பா?" என்று நீ அழுதது இன்னும் காதில் நிற்கிறது. அம்மாவுக்கோ மிக அதிகம். அவளைக் கொஞ்சிப் பாராட்டினாய். இரண்டுமே தப்பு, கண்ணு.

அந்தக் கிளிப் காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று பார்க்கிறது. சாதாரணமாக மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தணியும். அந்த மாறுதல் நிறைய இருந்தால் உடம்பு இறுக்கமில்லாமல் இருக்கிறது என்று அதிக மார்க் போடுகிறது.

இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் என் சைனஸ் முடிச்சு சோர்ந்துபோனதால்தானே, துடிப்பைத் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் வைத்தார்கள்? குறைந்தது நிமிடத்துக்கு 60 என்று அதில் அமைத்திருக்கிறார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் துடிப்பெல்லாம் அது கொடுப்பதுதான், நொடிக்கு ஒன்று. மூச்சை எப்படி விட்டாலும் கோடு நேராகத்தான் போகும். எனக்குக் கவலை ஒன்றும் இல்லையம்மா. (பேஸ்மேக்கர் வைத்த எல்லோருக்கும் இப்படி வராது. இதயத்தின் மேலறைத் துடிப்பு நன்றாக இருந்து, அந்தத் தூண்டல் கீழறைக்கு இறங்கும் வழி மட்டும் அடைபட்டவர்களுக்கு மாறுதல் தெரியலாம்.)

அம்மா விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்குகிறது, துடிப்பு கண்டபடி வருகிறது. கருவி அந்தத் தாறுமாறைத்தான் மாறுதல் என்று எண்ணி மார்க்கை அள்ளிப் போட்டது. "கயலே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாளே" என்று இரண்டு நாள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை விட்டுவிட்டாள்! மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்காகத்தான் அந்த மாத்திரை. மாத்திரை அட்டையில் மீதியைப் பார்த்ததும் டாக்டரிடம் கேட்டேன். விட்டதைச் சேர்த்துப் போட வேண்டாம், வழக்கமான அளவையே தொடரட்டும் என்றார். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மார்க் சரியாக வராது என்று அந்தக் கருவி வந்த பெட்டியிலேயே பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

கிளிப்பால் பேஸ்மேக்கருக்குக் கெடுதல் இல்லை, அது வெறும் ஒளிதான். ஆனால் உடம்புக் கொழுப்பு காட்டும் எடை மெஷின் அனுப்பப் போவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். அது காலடி வழியாக உடம்பில் லேசான மின்சாரம் பாய்ச்சும். போனையும் இப்போது சட்டைப் பையில் வைப்பதில்லை. அதில் காந்தம் இருக்கிறது, ஒரு சாண் தள்ளியே வைத்துக்கொள்கிறேன்.

நீ சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை விடவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விடுகிறோம், நிமிடத்துக்கு ஆறு மூச்சு, பத்து நிமிடம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடச் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள். அதற்குக் கிளிப் எதற்கு?

இனி கூப்பிடும்போது மார்க் கேட்காதே. அம்மா ராத்திரி மாத்திரை போட்டாளா என்று கேள். நான் கேட்டால் சலித்துக்கொள்கிறாள், நீ கேட்டால் போடுவாள்.

அன்புடன்,
அப்பா