வாடகை கொடுத்தது போக மிஞ்சியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்து நகரங்களில் சாவு விகிதம் குறைந்த கதையைப் போன இதழில் படித்தேன். பால், மருத்துவச்சி, சாக்கடை பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் குடிசைகளை இடித்து நல்ல வீடு கொடுத்ததுமே சாவு குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊரில் நடந்தது நேர்மாறு.

1927இல் அங்கே ஹவுஸ்வைஃப் லேன் என்ற நெரிசலான பகுதியை இடித்து, 152 குடும்பங்களை, மொத்தம் 710 பேரை, மவுண்ட் ப்ளசன்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். முந்தைய 5 வருடங்களில் ஆயிரம் பேருக்கு 22.91 ஆக இருந்த சாவு விகிதம், 1928 முதல் 1932 வரை 33.55 ஆக ஏறிவிட்டது. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகும் கணக்கு இதுதான். அதே ஊரில் ரிவர்சைடு என்ற இடிபடாத பழைய பகுதியிலோ 26.10 என்பது 22.78 ஆகக் குறைந்திருக்கிறது! வேலையில்லாத் திண்டாட்டம்தான் காரணம் என்றால் அங்கேயும் ஏறியிருக்க வேண்டுமே.

நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் ஜார்ஜ் மெக்கோனிகல் அதோடு விடவில்லை. குடும்பங்களின் வரவு செலவை வாங்கிப் பார்த்தார். வாரத்துக்கு 4 ஷில்லிங் 8 பென்ஸாக இருந்த வாடகை புது வீட்டில் 9 ஷில்லிங். வருமானம் கூடவில்லை, அப்புறம் எதில் கை வைப்பார்கள்? சாப்பாட்டில்தான். 1933இல் அவர் இதை மருத்துவர்கள் முன்னால் வைத்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம்தான் வரும். வாடகையை எண்ணிக் கொடுத்த வாரத்தில் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, பானையின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து நீர்மோர் ஊற்றிக் குடித்துவிட்டு, "எனக்குப் பசிக்கலடா" என்பார். மவுண்ட் ப்ளசன்ட் அம்மாக்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய வீடுகளை இடித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த ஓட்டை வீடுகளில் யாரும் வாழக் கூடாது. ஆனால் வீட்டைக் கொடுத்தவர்கள் வாடகைக்கு வழி செய்யவில்லை, அதை எழுதாமல் விட்டால் படிக்கிறவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். அடுத்த இதழில் இந்த நாலு சாவு விகிதங்களையாவது ஒரு சிறு பெட்டியில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்